நர்சம்மாவின் அட்டை எங்கே?

(செவிலியர் கல்லூரி ஒன்றில், மே 5 உலக மருத்துவச்சியர் நாள் விழாவில் ஓய்வுபெற்ற செவிலிய ஆசிரியை ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மருத்துவச்சியர் நாள் கூட்டம் என்றால் தாய்மை, தியாகம், சேவை என்று பேசிவிட்டுப் பொன்னாடை வாங்கிக்கொண்டு போவது வழக்கம். பொன்னாடையை வாங்கிக்கொண்டேன். மற்றதைப் பேசுவதாக இல்லை. கல்லூரி முதல்வர் போனில் "என்ன தலைப்பு போடலாம் மேடம்?" என்று கேட்டார். "ஊசி" என்றேன். "எந்த ஊசி?" என்றார். "நாம ஊருக்கெல்லாம் போடுற ஊசி இல்லம்மா, நாம போட்டுக்காத ஊசி" என்றேன்.

நாளைக்குப் புதன்கிழமை. தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். அங்கன்வாடித் திண்ணையில் கிராம சுகாதார செவிலியர் வேக்சின் கேரியரை இறக்கி வைப்பார். ஐஸ் பேக் நான்கும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாயிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி "என்ன பேரு?" அல்ல. "அட்டை எங்கே?" என்பதுதான். அட்டை இல்லாமல் வந்தவள் ஓடிப்போய் எடுத்து வருவாள். மஞ்சள் கறை, எண்ணெய்ப் பிசுக்கு, ஓரத்தில் எலி கடித்த தடம், எல்லாம் இருக்கும். ஆனால் அட்டை இருக்கும்.

சமூக நலச் செவிலியப் பயிற்சிக்காக மாணவிகளைக் கூட்டிக்கொண்டு ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். பேரனைத் தூக்கி வந்த பாட்டி ஒருத்தி, ஊசி போட்டு முடிந்ததும், எங்கள் கிராம சுகாதார செவிலியரைப் பார்த்துக் கேட்டாள்: "ஊர்ல அத்தன பேருக்கும் குத்துறியே தாயி, நீ குத்திக்கிட்டியா?" எல்லோரும் சிரித்தோம். அந்தச் செவிலியரும் சிரித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மெதுவாகச் சொன்னார்: "டெட்டனஸ் போட்டிருக்கேன் மேடம். மத்தது எதுவும் எனக்கு ஞாபகமில்ல. யாரும் கேட்டதும் இல்ல."

அவருக்கு அப்போது இருபத்திரண்டு ஆண்டு சர்வீஸ்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பிரசவம் பார்க்கிறவளுக்குத் தடுப்பூசி போட்டாக வேண்டும் என்று இந்த நாட்டில் எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா? எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கே என்று சொன்னால் சிரிப்பீர்கள். குப்பை விதிகளில். 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள். அதில் மருத்துவமனை நடத்துகிறவரின் கடமைகள் என்று ஒரு பட்டியல் வரும். கழிவைக் கையாளும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஹெபடைடிஸ்-பி, டெட்டனஸ் உள்ளிட்ட நோய்களுக்கான தடுப்பூசியைப் போட வேண்டும் என்பது அதில் ஒன்று. நஞ்சுக்கொடியை மஞ்சள் பையில் போடுகிறவள் நீ. கையுறையைச் சிவப்புப் பையிலும், ஊசியைத் துளைபடாத வெள்ளை டப்பாவிலும் போடுகிறவள் நீ. ஆகவே நீ கழிவைக் கையாளுகிறவள். ஆகவே உனக்குத் தடுப்பூசி உண்டு. பிரசவம் பார்ப்பதால் கிடைக்காத பாதுகாப்பு, பிரசவம் முடிந்து குப்பை அள்ளுவதால் கிடைக்கிறது!

கேலி பண்ணுவதற்காக இதைச் சொல்லவில்லை. எந்தக் கதவு வழியாக வந்தாலும் உரிமை உரிமைதான். மெட்ராஸ் மாகாணத்தில் செவிலியரையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யும் சட்டம் 1926-ல் வந்தது. அதற்குத் தொண்ணூறு ஆண்டு கழித்து இந்த ஒரு வரி கிடைத்திருக்கிறது. அதில் "மற்றவர்களும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். மாணவிகள் அந்தச் சொல்லுக்குள்தான் நிற்கிறார்கள். கல்லூரியைக் கேட்டால் "அது ஆஸ்பத்திரி பார்க்க வேண்டியது" என்பார்கள். ஆஸ்பத்திரியைக் கேட்டால் "ஸ்டூடண்ட்ஸ் காலேஜ் பொறுப்பு" என்பார்கள். இரண்டு வாசலுக்கும் நடுவில் நிற்கிற பெண்ணின் கையில் ஊசியும் நூலும் இருக்கும்.

அந்த ஊசியும் நூலும் என் கையில் இருந்த கதையைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஒரு மாவட்டத் தலைநகர ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். நான் பயிற்சி முடித்து இரண்டாவது வருடம். நடுராத்திரி கரண்ட் போய்விட்டது. ஆயாம்மா டார்ச் பிடிக்க, எபிசியோட்டமி தையல் போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தக் காலத்துக் கையுறை தெரியுமா உங்களுக்கு? கழுவி, காயவைத்து, பவுடர் போட்டு, ஆட்டோகிளேவ் பண்ணி மறுபடி மாட்டுவோம். ஆறாவது தடவை மாட்டும்போது அது கையுறையா, கைக்குட்டையா என்று தெரியாது. வளைந்த ஊசி தசைக்குள் போய் மறுபக்கம் வரும் இடம் கண்ணுக்குத் தெரியாது. இடது ஆள்காட்டி விரலால் தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். விரல் தெரிந்துகொண்டது. சுருக்கென்று ஒரு குத்து. கழற்றிப் பார்த்தேன், ரத்தம் முத்தாக நின்றது. பிதுக்கினேன், ஸ்பிரிட் ஊற்றினேன், வேறு கையுறை மாட்டிக்கொண்டு மீதித் தையலைப் போட்டேன். பிதுக்கக் கூடாது, சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும் என்பதெல்லாம் பிறகு படித்தது. காலையில் சீனியர் சிஸ்டரிடம் சொன்னபோது, "குத்து வாங்காம லேபர் வார்டா? போ, போய்த் தூங்கு" என்றார்.

அந்தத் தாய்க்கு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த ஆஸ்பத்திரியில் அப்போது ஹெபடைடிஸ்-பி-க்குப் பரிசோதனையே இல்லை. ஆறு மாதம் தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று கண்ணின் வெள்ளையைப் பார்ப்பேன். மஞ்சளா? இல்லையே? மஞ்சளா? எனக்கு எதுவும் வரவில்லை. என் ரூம்மேட்டுக்கு வந்தது. எந்தக் குத்தில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. அத்தனை குத்து. விடியற்காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடித்தாள், உப்பில்லாமல் சாப்பிட்டாள், மூன்று மாதத்தில் தேறினாள். பத்து வருடம் கழித்து ரத்த தானம் செய்யப் போன இடத்தில்தான் கிருமி உள்ளேயே உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

கீழாநெல்லி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஹெபடைடிஸ்-பி கிருமியைக் கண்டறிந்ததற்காக 1976-ல் நோபல் பரிசு வாங்கியவர் பாரூக் பிளம்பர்க். அவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும் சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்து 1988-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். உலகமே நம் வேலியோரச் செடியைத் திரும்பிப் பார்த்தது. பின்னால் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. நம் பாட்டி வைத்தியத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அதையும் சோதித்துப் பார்த்தாகிவிட்டது என்கிறேன். வந்த பிறகு போக்குவதற்குக் கீழாநெல்லியை நம்ப முடியாது. வராமல் தடுப்பதற்கு ஊசி இருக்கிறது.

கணக்கு இதுதான். தடுப்பூசி போடாத ஒருத்தியின் விரலில், நோய் உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. ஹெபடைடிஸ்-சி என்றால் நூற்றில் இரண்டு. ஹெபடைடிஸ்-பி என்றால், அந்த நோயாளியின் ரத்தத்தில் கிருமி மிகுந்திருக்கும் பட்சத்தில், நூற்றில் முப்பது வரை போகும். நாம் எதைக் கண்டு நடுங்குகிறோம்? எச்.ஐ.வி.யைக் கண்டு. கேஸ் ஷீட்டில் அந்த மூன்றெழுத்தைப் பார்த்தால் இரண்டு கையுறை மாட்டுகிறோம். நூறு மடங்கு எளிதாக ஒட்டும் நோய்க்கு ஒற்றைக் கையுறையோடு நிற்கிறோம். மேஜையில் காய்ந்து கிடக்கும் ரத்தத் துளியில் அந்தக் கிருமி ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். இந்த மூன்றில் தடுப்பூசி இருப்பது இதற்கு மட்டும்தான்.

எங்கள் காலத்தில் அந்த ஊசி இறக்குமதிச் சரக்கு. விலை ஸ்டாஃப் நர்ஸ் சம்பளத்துக்கு எட்டாது. 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் உள்நாட்டிலேயே தயாரித்து விற்கத் தொடங்கியது. விலை சரிந்தது. என் மூன்று டோஸையும் அதற்குப் பிறகுதான் என் காசில் போட்டுக்கொண்டேன். லேபர் வார்டில் பன்னிரண்டு வருடம் நின்ற பிறகு.

உங்கள் கதை வேறு. நீங்கள் குழந்தையாக இருந்தபோதே போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி நினைக்க வேண்டாம். குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்தில் ஹெபடைடிஸ்-பி நாடு முழுக்க வந்தது 2011-ல்தான். அதே ஆண்டு டிசம்பரில் ஐந்து நோய்க்கான பென்டாவேலன்ட் ஊசி தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் முதலில் தொடங்கியது. உங்களில் பெரும்பாலோர் அதற்கு முன்னால் பிறந்தவர்கள். அம்மாவிடம் அட்டையைக் கேளுங்கள். இருந்தால் பாருங்கள், இல்லையென்றால் இல்லை என்று வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குங்கள். மறுபடி போட்டுக்கொள்வதால் கெடுதல் ஒன்றுமில்லை.

முதல் டோஸ் இன்று என்றால், இரண்டாவது ஒரு மாதம் கழித்து, மூன்றாவது ஆறாம் மாதம். கடைசி டோஸ் முடிந்து ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு பார்க்க வேண்டும். டைட்டர் என்கிறோமே, அது. பத்து அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ஆக மொத்தம் ஏழெட்டு மாதம். லேபர் வார்டு போஸ்டிங்குக்கு இன்னும் நாளிருக்கிறது என்று சொல்லும் ஆசிரியைகள் ஒன்றை மறக்கிறார்கள். முதல் வருடத்திலேயே இந்தப் பிள்ளைகள் வார்டில் ஊசியைத் தொட்டுவிடுகிறார்கள். அட்மிஷன் அன்று சான்றிதழ் சரிபார்க்கும் மேஜைக்குப் பக்கத்து மேஜையில் முதல் டோஸ் நடக்க வேண்டும். இதைப் பதினைந்து வருடமாகச் சொல்லி வருகிறேன்.

இன்னொரு சின்ன விஷயம். இந்த ஊசியைத் தோளில்தான் போட வேண்டும், இடுப்பில் அல்ல. இடுப்பில் போட்டால் மருந்து கொழுப்பில் தங்கிப் பலன் குறையும். கூச்சத்துக்காகவோ, வலிக்கும் என்பதற்காகவோ இடத்தை மாற்றாதீர்கள். உறைந்துபோன மருந்தும் உதவாது. இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரார் பிள்ளைக்குப் போடும்போது குலுக்கிப் பார்க்கிறீர்கள், நமக்குப் போடும்போதும் பாருங்கள்.

டைட்டர் பார்ப்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். ஆரோக்கியமான இளம் வயதினரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மூன்று டோஸிலேயே எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். மிச்சம் இருக்கும் அந்த ஒருத்தி யார்? ரத்தம் எடுத்துப் பார்க்காமல் தெரியாது. அவளுக்கு இன்னொரு சுற்று மூன்று டோஸ் போட வேண்டும். அதிலும் வரவில்லை என்றால், அவள் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் குத்துப்பட்ட அன்றே, முடிந்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள், இம்யூனோகுளோபுலின் கேட்டு வாங்க முடியும். நம் பெண்கள் பலருக்கு அந்த எண் எப்போது தெரிகிறது என்றால், இங்கிலாந்துக்கு வேலைக்குப் போகும்போது. அங்கே கேட்கிறார்கள், இங்கே ஓடிப்போய்ப் பார்க்கிறார்கள். அந்நிய நாட்டுத் தாய்க்காகப் பார்க்கிற எண்ணை உசிலம்பட்டித் தாய்க்காக ஏன் பார்ப்பதில்லை?

காகிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கல்லூரியில் நான் ஃபைல்களைச் சரிபார்த்தபோது, பதினோரு மாணவிகளின் தடுப்பூசிச் சான்றிதழ் ஒரே கிளினிக்கில் வாங்கியதாக இருந்தது. மூன்று டோஸுக்கும் மூன்று தேதி. ஆனால் ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு. ஆறு மாத இடைவெளியில் யாருடைய கையெழுத்தும் அவ்வளவு ஒழுங்காக இருக்காது. கூப்பிட்டுக் கேட்டேன். அழுதார்கள். "ஃபீஸ் கட்டவே கடன் மேடம், சான்றிதழ் மட்டும் நூறு ரூபாய்க்குக் கிடைச்சுது" என்றாள் ஒருத்தி. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஊசியைக் கொடுக்காமல் சான்றிதழை மட்டும் கேட்டால், சான்றிதழ் மட்டும்தான் வரும்.

இதைவிட மோசமான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். அட்மிஷன் சமயத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஒரு பெண்ணுக்கு ஹெபடைடிஸ்-பி இருப்பது தெரிந்தது. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்க வேண்டும். பெரியவர்களுக்கு வந்தால் நூற்றில் ஐந்து பேருக்குள்தான் நிரந்தரமாகத் தங்கும், பிறக்கும்போது தொற்றினால் நூற்றில் தொண்ணூறு பேருக்குத் தங்கிவிடும். ரிப்போர்ட் ஆபீஸ் மேஜையில் திறந்து கிடந்தது. சாயங்காலத்துக்குள் ஹாஸ்டல் முழுக்கத் தெரிந்துவிட்டது. மெஸ்ஸில் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். தட்டில் ஒட்டுகிற நோயல்ல அது என்று படிக்க வந்த பிள்ளைகள்தான் தட்டைத் தள்ளி வைத்தார்கள். மூன்றாம் வாரம் அவள் அப்பா வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

இங்கிலாந்தில் மருத்துவச்சிப் படிப்பில் சேருகிறவருக்கு ஹெபடைடிஸ்-பி, சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் பரிசோதனை உண்டு. உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கூர்மையான கருவியோடு கை வேலை செய்கிற தொழில் இது என்பதால் கண்டிப்பு அதிகம். ஆனால் கிருமி இருக்கிறது என்றால் வெளியே போ என்பதல்ல. சிகிச்சை கொடுத்து, ரத்தத்தில் கிருமியின் அளவைக் கண்காணித்து, அது போதிய அளவு குறைவாக இருந்தால் வேலை செய்ய விடுகிறார்கள். ரிப்போர்ட்டைத் தொழில்நலப் பிரிவு வைத்துக்கொள்ளும், கல்லூரி ஆபீஸ் பார்க்காது. பரிசோதனையைக் காப்பியடிக்க நமக்குத் தெரிகிறது, அந்தப் பூட்டிய அலமாரியைக் காப்பியடிக்கத் தெரியவில்லை.

சரி, இது நமக்காகப் போட்டுக்கொள்ளும் ஊசி. தாய்க்காகப் போட்டுக்கொள்ளும் ஊசிக்கு வருவோம்.

மாணவிகளிடம் "அம்மை வந்திருக்கிறதா?" என்று கேட்டால் பாதிப்பேர் "வந்திருக்கு மேடம்" என்பார்கள். எந்த அம்மை என்று கேட்டால் விழிப்பார்கள். நம் ஊரில் மேலெல்லாம் எது பூத்தாலும் அம்மைதான். தட்டம்மை, சின்னம்மை, மணல்வாரி, விளையாட்டம்மை. கன்னம் வீங்கினால் அதுவும் அம்மைக்கட்டு. எல்லாவற்றுக்கும் வேப்பிலை, இளநீர், மூன்றாம் தண்ணீர். அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்கு எந்த அம்மை என்று தெரிய வேண்டியதில்லை. லேபர் வார்டுக்குள் நுழைவதற்குத் தெரிந்தாக வேண்டும். ஏனென்றால் ஒரு அம்மை வந்து போனதால் இன்னொரு அம்மைக்கு எதிர்ப்பு வராது. "சின்னதா சிவப்பா வந்து மூணு நாள்ல போயிடுச்சு" என்று உங்கள் அம்மா சொல்வது ரூபெல்லாவாக இருக்கலாம், வெயில் கொப்புளமாகவும் இருக்கலாம். வாய்க்கதையை நம்பாமல் ரத்தம் பாருங்கள், அல்லது ஊசியைப் போட்டுவிடுங்கள்.

ரூபெல்லா எவ்வளவு சாதுவான நோய் தெரியுமா? லேசான காய்ச்சல், மூன்று நாள் சிவப்பு. அதனால்தான் அதை யாரும் சந்தேகப்படவில்லை. 1941-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவரிடம் கண்புரையோடு பிறந்த கைக்குழந்தைகள் வரிசையாக வந்தன. காத்திருக்கும் அறையில் இரண்டு தாய்மார் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது என்று சொல்வார்கள். "மாசமா இருந்தப்ப எனக்கு அந்தச் சிவப்பு வந்துச்சு", "எனக்கும்தான்". அவர் விசாரித்துப் பார்த்தார். 78 குழந்தைகள். ஏறக்குறைய எல்லாத் தாய்மாருக்கும் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா வந்திருந்தது. பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் காது கொடுத்துக் கேட்ட ஒரு டாக்டரால் உலகத்துக்கு இது தெரிய வந்தது. இன்று நாம் அறிந்தது: முதல் இரண்டு மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் பத்தில் ஒன்பது குழந்தைகள் வரை பாதிக்கப்படலாம். கண், காது, இதயம் மூன்றும் அடிபடும். 1964, 65-ல் அமெரிக்காவில் அடித்த அலையில் இப்படிப் பிறந்த குழந்தைகள் சுமார் 20,000. தடுப்பூசி 1969-ல் வந்தது.

இப்போது நினைத்துப் பாருங்கள். கர்ப்பப் பரிசோதனைக் கிளினிக்கில் வரிசையாக நாற்பது பேர். பாதிப்பேர் இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம். தினமும் அத்தனை பேர் முகத்துக்கும் அருகில் குனிகிறவள் ஒரே ஒருத்தி, நீங்கள். உடம்பில் சிவப்பு தெரிவதற்கு ஒரு வாரம் முன்பே தொற்றுகிற நோய் அது. தமிழ்நாட்டிலேயே மூன்று அரவிந்த் கண் மருத்துவமனைகளின் ஊழியர்களைப் பரிசோதித்து 2004-ல் ஒரு ஆய்வு வெளியானது. பத்தில் ஒருவருக்கு மேல் ரூபெல்லா எதிர்ப்பு இல்லாமல் இருந்தது. கண் ஆஸ்பத்திரி அது. லேபர் வார்டில் அந்தப் பத்தில் ஒருத்தி நின்றால்?

உங்கள் தலைமுறைக்கு இதில் ஒரு யோகம் உண்டு. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்ததே, பதினைந்து வயதுக்குட்பட்ட அத்தனை பேருக்கும், பள்ளிக்கூடத்தில் வைத்து? இடது கட்டைவிரல் நகத்தில் மை வைத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? கை தூக்குங்கள்... பாருங்கள், பாதி அரங்கு. கை தூக்காதவர்களில் சிலருக்குக் காரணம் எனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் வதந்தி வந்தது, அப்பா அன்றைக்கு லீவு போடச் சொல்லிவிட்டார். தப்பு அப்பா மேல் என்று இப்போது பேசிப் பயனில்லை. இப்போது நீங்கள் மேஜர், போய் எம்.எம்.ஆர். போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: ரூபெல்லாவும் சின்னம்மையும் உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்த ஊசிகள். கர்ப்பிணிக்குப் போடக் கூடாது, போட்ட பிறகு ஒரு மாதமாவது கர்ப்பம் தரிக்கக் கூடாது. அதனால்தான் மறுபடி மறுபடி சொல்கிறேன், கல்லூரியில் சேர்ந்த வருடமே போட்டுவிட வேண்டும். கல்யாணம், குழந்தை என்று வந்துவிட்டால் இந்த ஊசிக்கு நாள் கிடைக்காது.

சின்னம்மைக்கு நாலு வாரமாவது இடைவெளி விட்டு இரண்டு டோஸ். குளிர் நாடுகளில் அது சின்னப் பிள்ளைகளின் நோய். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் பலருக்கு அது பெரியவர்களான பிறகுதான் வருகிறது, ஆகவே உங்களில் பலர் இன்னும் அதற்குத் திறந்தே நிற்கிறீர்கள். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்னாலிருந்து இரண்டு நாள் பின்னால் வரை உள்ள இடைவெளியில் தாய்க்குச் சின்னம்மை பூத்தால், தாயின் எதிர்ப்பொருள் குழந்தைக்குப் போய்ச் சேர நேரம் இருக்காது. குழந்தை பிழைப்பது கஷ்டமாகிவிடும். அந்தத் தாய்க்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நானாக இருக்கக் கூடாது.

குழந்தைக்காகப் போட்டுக்கொள்வது கக்குவான் இருமல் ஊசி. நம் நாட்டில் குழந்தைக்கு இதற்கான முதல் டோஸ் ஆறாவது வாரத்தில்தான். அதுவரை அதன் பாதுகாப்பு சுற்றியிருக்கும் பெரியவர்கள்தான். பெரியவர்களுக்கு வந்தால் வெறும் "விடாத இருமல்". சிரப் குடித்துக்கொண்டே டூட்டிக்குப் போவோம். பச்சைக் குழந்தைக்கு வந்தால் இருமக்கூடத் தெரியாது, மூச்சை நிறுத்தி நீலமாகிவிடும். 2012-ல் இங்கிலாந்தில் இந்த நோய் பரவி 14 கைக்குழந்தைகள் இறந்தன. அந்த அக்டோபரிலேயே கர்ப்பிணிகளுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள். நம் அரசுத் திட்டத்தில் கர்ப்பிணிக்கு டெட்டனஸ், தொண்டை அடைப்பான் இரண்டுக்குமான டி.டி. ஊசி உண்டு, கக்குவான் சேர்ந்த டிடாப் இல்லை. வெளியில் வாங்கினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல். பச்சைக் குழந்தையைத் தினமும் கையில் வாங்குகிறவளுக்காவது அரசு அதை வாங்கித் தரலாம். பெரிய செலவு ஒன்றுமில்லை.

ஃப்ளூ ஊசி வருடாவருடம். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

காசநோய்க்கு பி.சி.ஜி. மறுபடி போட்டுக்கொள்ளலாமா என்று ஒரு சிஸ்டர் வாசலில் கேட்டார். அதற்கான பதிலை உலகத்துக்குச் சொன்னதே நம் மண்தான். 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பகுதியில், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து மாபெரும் ஆய்வு தொடங்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்பது முடிவு. கைக்குழந்தைகளுக்கு அது வேண்டும், நமக்கு அது கவசமல்ல. நமக்கு மாஸ்க், திறந்த ஜன்னல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை.

இனி கட்டாயம் பற்றி. "கட்டாயப்படுத்தலாமா மேடம்? என் உடம்பு, என் உரிமை இல்லையா?" என்று மாணவிகள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. உச்ச நீதிமன்றமே 2022 மே 2-ஆம் தேதி, ஜேக்கப் புலியேல் வழக்கில், யாரையும் வலுக்கட்டாயமாகத் தடுப்பூசி போட வைக்க முடியாது, உடல்மீதான உரிமை 21-ஆவது பிரிவுக்குள் வரும் என்று சொன்னது. அதே தீர்ப்பு, பொது நலனுக்காக அளவான கட்டுப்பாடு விதிக்க அரசுக்கு உரிமை உண்டு என்றும் சொன்னது. இங்கிலாந்தில் கொரோனா ஊசி போடாத சுகாதார ஊழியருக்கு 2022 ஏப்ரல் முதல் வேலையில்லை என்று விதி கொண்டுவந்து, அமலுக்கு வரும் முன்பே திரும்பப் பெற்றார்கள். அங்குள்ள மருத்துவச்சியர் சங்கம், ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று உறுப்பினர்களிடம் சொல்லிக்கொண்டே, கட்டாயத்தை எதிர்த்தது. ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை, இருப்பவர்களையும் அனுப்பிவிட்டால் பிரசவம் பார்ப்பது யார் என்பது அவர்கள் கேள்வி.

என் நிலை இது. யாரையும் பிடித்து வைத்து ஊசி போடச் சொல்லவில்லை. ஆனால் பிரசவ அறை வேலைக்கு அது ஒரு நிபந்தனை. கையுறை மாட்ட மாட்டேன் என்கிறவளை உள்ளே விடுவோமா? போட மறுப்பவளுக்கும், உடல்நிலையால் போட முடியாதவளுக்கும் வேறு வார்டு கொடுங்கள், படிப்பை நிறுத்தாதீர்கள். இந்த நிபந்தனை முதலில் விழ வேண்டியது நிர்வாகத்தின் தலையில். ஊசியை அவர்கள் வாங்க வேண்டும், டைட்டருக்கான காசை அவர்கள் கட்ட வேண்டும், ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வந்தால் லீவு கொடுக்க வேண்டும், ரிப்போர்ட்டைப் பூட்டி வைக்க வேண்டும். 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சுகாதாரப் பணியாளருக்குத் தடுப்பூசியும் சேர்ந்திருக்கிறது. ஆகவே பணமில்லை, வழியில்லை என்று சொல்ல முடியாது. இவற்றைச் செய்துவிட்டு எங்களிடம் அட்டையைக் கேளுங்கள், தருகிறோம். செய்யாமல் கேட்டால், நூறு ரூபாய் சான்றிதழ்தான் கிடைக்கும்.

நேரமாகிவிட்டது. முதல்வரிடம் இந்தக் கூட்டத்துக்கு வர ஒரே ஒரு நிபந்தனை போட்டேன், அவரும் ஒப்புக்கொண்டார். பக்கத்து ஹாலில் இரண்டு மேஜை போட்டிருக்கிறார்கள். ஹெபடைடிஸ்-பி முதல் டோஸ் கல்லூரிச் செலவில். ஏற்கெனவே மூன்றும் போட்டு முடித்தவர்களுக்கு டைட்டருக்காக ரத்தம் எடுக்கிறார்கள், அதுவும் கல்லூரிச் செலவில். ரிப்போர்ட் உங்கள் கைக்கு மட்டும் வரும். ஸ்டாஃப் சிஸ்டர்களும் போகலாம். தோள் தெரியும்படி பிளவுஸ் கையைத் தளர்த்திக்கொள்ளுங்கள். இரண்டாவது டோஸ் ஜூன் 5, மூன்றாவது நவம்பர் 5. அட்டையில் தேதியை எழுதி வாங்காமல் அந்த மேஜையை விட்டு எழுந்திருக்காதீர்கள்.